குடுக்குறவன் யாரு, வாங்குறவன் யாரு?

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை. மலருக்காகச் சற்றே திருத்தி எழுதியது.)



சங்கத்திலிருந்து போன் செய்தவர், "இருபது நிமிஷம் பேசணும்ப்பா. தொழில்நுட்பமா இருக்கணும், ஆனா குடும்பத்தோட வர்றவங்களுக்கும் புரியணும்" என்றார். எனக்கு முன்னால் பேசிய அண்ணன் செயற்கைக்கோள் பற்றிப் பேசினார். அடுத்து வரப்போகிறவர் செயற்கை நுண்ணறிவு. நடுவில் நான், ஒரு டி.வி., ஒரு கேபிள் பெட்டி, ஒரு பழைய வீடியோ டெக் மூன்றையும் வீட்டில் எப்படி இணைப்பது என்று பேசப்போகிறேன். சிரிக்கலாம், தப்பில்லை. நானும் சிரித்துக்கொண்டேதான் அந்த வேலையை ஆரம்பித்தேன். 2006-லிருந்து 2010 வரை இதே வளாகத்தில் எலெக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன் படித்தவன் நான். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அந்த மூன்றுக்கும் முன்னால் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து தோற்றுப்போனேன். அதைத்தான் சொல்ல வந்தேன்.

விஷயம் ஒரு கேசட்டில் ஆரம்பிக்கிறது. 1992-ல் எங்கள் குலதெய்வக் கோயிலில் எனக்கு மொட்டை போட்டுக் காது குத்தினார்கள். அப்போதெல்லாம் விசேஷம் என்றால் வீடியோ எடுக்காமல் இருக்க முடியாது. தோளில் பெரிய கேமராவோடு ஒருத்தர், அவருக்குப் பின்னால் கண் கூசுகிற லைட்டைத் தூக்கிக்கொண்டு ஒரு பையன். அந்தக் கேசட்டில் எங்கள் அம்மாச்சி இருக்கிறார். 1997-ல் காலமானார். போட்டோ நாலைந்து இருக்கிறது. ஆனால் நடக்கிற, பேசுகிற அம்மாச்சி இந்த உலகத்தில் அந்த ஒரு கேசட்டில் மட்டும்தான் உண்டு.

போன வருஷம் வீட்டுக்குப் பெரிய எல்.இ.டி. டி.வி. வாங்கினேன். அம்மா அதை நன்றாகச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இதுல நம்ம டெக்கு மாட்டலாமா? எங்கம்மாவ ஒரு தடவ பாக்கணும்" என்றார். பரணில் டெக் இருந்தது. 1990-ல் சித்தப்பா சவுதியிலிருந்து கொண்டுவந்தது. கேசட் அம்மாவின் பீரோவில், பட்டுச் சேலைக்கு அடியில் இருந்தது. "பத்து நிமிஷ வேலைம்மா" என்றேன். இந்த அவையில் இருக்கிற எஞ்சினியர்கள் அத்தனை பேரும் வாழ்க்கையில் ஒரு தடவையாவது இந்த வாக்கியத்தைச் சொல்லியிருப்பீர்கள்.

டெக்கைத் துடைத்துக் கீழே வைத்தவுடன் அம்மாவே வழி சொன்னார். "ஒயர் மொதல்ல டெக்குக்குத்தான் போகும். அங்கருந்துதான் டி.வி.க்கு. உங்கப்பா அப்டித்தான் மாட்டுவாரு." அம்மா சொன்னது அந்தக் காலத்துக்கு நூற்றுக்கு நூறு சரி. ஏன் சரி, இப்போது ஏன் தப்பு என்பதைக் கொஞ்சம் பின்னால் போய்ச் சொல்கிறேன்.

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15-ல் தொடங்கியது. மதுரைப் பக்கம் படம் பார்க்க நமக்கு வழி செய்தது கொடைக்கானல் ஒளிபரப்பு நிலையம். மலை உச்சி, உயரமான கோபுரம், நேர்கோட்டில் நமக்குச் சுமார் 75 கிலோமீட்டர். ஊரில் எல்லா மொட்டை மாடி ஆன்டெனாவும் மேற்கு வடமேற்காகத் திரும்பி ஒரே திசையில் கும்பிட்டுக்கொண்டு நிற்கும். தென் மாவட்டங்களில் சில வீடுகளில் இன்னொரு ஆன்டெனா தென்கிழக்குப் பார்த்து இருக்கும். அது இலங்கை ரூபவாஹினிக்கு. கிரிக்கெட் பைத்தியங்களின் வீடு என்று அடையாளம் கண்டுகொள்ளலாம்.

எங்கள் வீடு திருப்பரங்குன்றம் மலைக்குத் தென்கிழக்கே. அதாவது கொடைக்கானலுக்கும் எங்களுக்கும் நடுவில் முருகன் குன்று. நேராக வரவேண்டிய அலையைப் பாறை மறைத்துவிடும். எங்கெங்கோ மோதித் திரும்பிய அலைதான் எங்களுக்கு வரும். கொஞ்சம் நேராக, கொஞ்சம் சுற்றி என்று ஒரே படம் இரண்டு தடவை வந்து சேரும். திரையில் ஒவ்வொரு ஆளுக்கும் வலப் பக்கம் ஒரு நிழல் ஆள் நிற்பான். இதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வானலை ஒரு மைக்ரோ செகண்டில் 300 மீட்டர் போகும். நம் நாட்டில் இருந்த பால் முறையில் திரையில் ஒரு கோடு வரைய 52 மைக்ரோ செகண்ட். 20 அங்குல டி.வி.யின் அகலம் 40 சென்டிமீட்டர். ஆக, அலை 300 மீட்டர் சுற்றி வந்தால் நிழல் முக்கால் சென்டிமீட்டர் தள்ளி விழும். சின்ன வயதில் ஒரு ஸ்கேலை டி.வி. கண்ணாடியில் வைத்திருந்தால், எந்தப் பாறையில் மோதி வந்தது என்றே ஏறக்குறையக் கண்டுபிடித்திருப்பேன். இந்தக் கணக்கு எனக்குத் தெரியவந்தது இங்கே மூன்றாம் வருஷத்தில்தான். அதற்குள் ஆன்டெனாவை இறக்கிவிட்டோம்.

இறக்க வைத்தது கேபிள். 1993 ஏப்ரல் 14-ல் சன் டி.வி. வந்தது. அதற்குப் பிறகு தெருவுக்குத் தெரு, கம்பத்துக்குக் கம்பம் கறுப்பு ஒயர். அந்த ஒயருக்குள் போனதும் ஆன்டெனாவில் வந்த அதே மாதிரி ஆர்.எஃப். அலைதான். காற்றில் வருவதற்குப் பதில் ஒயரில் வந்தது, அவ்வளவே. அதனால் ஆன்டெனா ஒயரைப் பிடுங்கிவிட்டுக் கேபிள் ஒயரைச் செருகினால் போதும். டெக்குக்கும் அதே கதை. அந்த டெக்குக்குள்ளே சேனல் பிடிக்கிற டியூனர் ஒன்று உண்டு. கேசட்டில் இருக்கிற படத்தை ஒரு சேனலாக மாற்றி அனுப்புகிற குட்டி ஒளிபரப்பு நிலையமும் உண்டு. டி.வி.யில் ஏதாவது ஒரு பட்டனை அந்தச் சேனலுக்கு டியூன் செய்து "வீடியோ" என்று பெயர் வைத்துவிடுவோம். ஒரே ஒயர் வரிசையாக டெக்குக்குள் நுழைந்து, வெளியே வந்து, டி.வி.க்குப் போகும். டெக்கில் ஒரு டியூனர், டி.வி.யில் ஒரு டியூனர் என்று இரண்டு இருந்ததால், டெக் 'ஒளியும் ஒலியும்' பதிவு செய்துகொண்டிருக்கும்போதே டி.வி.யில் வேறு சேனல் பார்க்கலாம். அப்பா இந்த வசதியை வந்தவர் போனவருக்கெல்லாம் செய்து காட்டுவார்.

பிறகு டிஜிட்டல் வந்தது. கேபிள் டி.வி. சட்டத்தை 2011-ல் திருத்தினார்கள். 2012-ல் நான்கு பெருநகரங்கள் முதல் கட்டம் என்று ஆரம்பித்துப் படிப்படியாக மற்ற ஊர்களுக்கு வந்தது. தமிழ்நாட்டில் அரசு கேபிள் டி.வி. நிறுவனத்துக்கு 2017-ல் டிஜிட்டல் உரிமம் கிடைத்தது. அந்த வருஷம் செப்டம்பரில் செட்-டாப் பாக்ஸ் கொடுக்க ஆரம்பித்தார்கள். கறுப்பு ஒயர் அதேதான், கம்பமும் அதேதான். உள்ளே போகிற சரக்குதான் மாறிவிட்டது. முன்பு ஒரு சேனல் இருந்த இடத்தில் இப்போது பத்துக்கு மேல் சேனலைச் சுருக்கிப் பூட்டிப் போட்டு அனுப்புகிறார்கள். பூட்டைத் திறக்கிற சாவி பெட்டிக்குள் இருக்கிறது. டெக்கில் இருக்கிற டியூனருக்கு இந்தப் பாஷையே தெரியாது.

இதெல்லாம் தெரிந்த நான் என்ன செய்தேன்? அம்மா சொன்ன மாதிரி ஒயரை முதலில் டெக்கில் மாட்டி, டெக்கிலிருந்து பெட்டிக்குக் கொண்டுபோனேன். தடுக்காமல் வழிவிடும் என்று நம்பிக்கை. வழிவிட்டது, பாதி. சில சேனல் வந்தது. சில சேனல் சதுரம் சதுரமாக உடைந்து முகமெல்லாம் ஓடு பதித்த மாதிரி ஆனது. முப்பது வருஷத்துக்கு முன் செய்த சின்ன ஆம்ப்ளிஃபையர், தன் இரைச்சலையும் சேர்த்துக் கொடுக்கிறது. அனலாக் படத்தில் இரைச்சல் ஏறினால் கொஞ்சம் புள்ளி தெரியும், பார்த்துக்கொள்ளலாம். டிஜிட்டல் ஓர் எல்லை வரை அப்பழுக்கில்லாமல் இருந்துவிட்டு, எல்லை தாண்டியதும் மொத்தமாகக் கவிழும்.

சரி, அதை விடுத்து ஒயரை நேரே பெட்டிக்கு, பெட்டியிலிருந்து எச்.டி.எம்.ஐ. டி.வி.க்கு என்று பழையபடி மாட்டினேன். டெக்கை மஞ்சள், வெள்ளை, சிவப்புப் பின் ஒயரில் தனியாக இணைக்கலாம் என்று பின்னால் திருப்பினேன். நீலத் திரை. "நோ சிக்னல்." ஒயரை மாற்றினேன். நீலம். அரை மணி நேரம் கழித்து, சேனல் வரவில்லை என்று காலையில் நான் சொன்ன புகாருக்காகக் கேபிள்காரத் தம்பி வந்தார். வயது இருபத்திரண்டு இருக்கும். நான் தரையில் கிடக்கிற கோலத்தைப் பார்த்துவிட்டு டெக்குக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"அண்ணே, இது ரெண்டு பக்கமும் வாங்குறவனால்ல மாட்டிருக்கீங்க. குடுக்குறவன் யாரு?"

டெக்கில் மஞ்சள் துளை இரண்டு உண்டு. ஒன்று இன், ஒன்று அவுட். நான் இன்னில் செருகியிருந்தேன். டி.வி.யும் படம் வரும் என்று காத்திருந்தது, டெக்கும் படம் வரும் என்று காத்திருந்தது. ரெண்டு பேரும் விருந்தாளி, சமைக்க ஆளில்லை. நான்கு வருஷப் படிப்பு, பன்னிரண்டு வருஷ வேலை, கேபிள்காரத் தம்பியின் ஒரு கேள்வி. அன்றிலிருந்து ஆபீசிலும் யாராவது வரைபடத்தை விரித்தால் முதலில் அதைத்தான் கேட்கிறேன்.

தம்பி தங்கைகளுக்காக அதை நிதானமாகச் சொல்கிறேன். வீட்டில் எத்தனை பெட்டி இருந்தாலும் ஒவ்வொரு துளைக்கும் இரண்டு கேள்வி. கொடுக்கிற துளையா, வாங்குகிற துளையா? கொடுப்பது என்ன சரக்கு? சுவரில் வரும் கறுப்பு ஒயர் கொடுக்கிறது, பெட்டி வாங்குகிறது. சரக்கு ஆர்.எஃப். பெட்டி கொடுக்கிறது, டி.வி. வாங்குகிறது. சரக்கு எச்.டி.எம்.ஐ., முழு டிஜிட்டல். டெக் கொடுக்கிறது, டி.வி. வாங்குகிறது. சரக்கு ஏ.வி., முழு அனலாக். பெட்டியும் டெக்கும் ஒன்றையொன்று பார்க்கவே வேண்டியதில்லை. இரண்டு தனித்தனித் தெரு டி.வி. வாசலில் வந்து முடிகிறது. எந்தத் தெருவைப் பார்ப்பது என்பதை ரிமோட்டில் சோர்ஸ் பட்டன் முடிவு செய்கிறது. பெட்டியில் வருவதைக் கேசட்டில் பதிவு செய்ய யாராவது ஆசைப்பட்டால் மட்டும் மூன்றாவது தெரு ஒன்று வேண்டும். பெட்டியின் ஏ.வி. அவுட்டிலிருந்து டெக்கின் ஏ.வி. இன்னுக்கு. அப்போதும் பெட்டியில் எந்தச் சேனல் ஓடுகிறதோ அதுதான் பதிவாகும். பதிவு செய்துகொண்டே வேறு சேனல் பார்க்கிற அப்பாவின் வித்தை, பெட்டி வந்த அன்றைக்கே போய்விட்டது.

இத்தோடு முடிந்ததா என்றால் இல்லை. புது டி.வி.யில் மூன்று வண்ணத் துளை கிடையாது. ஒரே ஒரு 3.5 மில்லிமீட்டர் துளை, ஹெட்போன் துளை மாதிரி. அதில் நான்கு வளையம் உள்ள ஜாக் போகும். படம், இடது சத்தம், வலது சத்தம், கிரவுண்ட், நாலும் அதில் அடக்கம். டி.வி.யோடு வந்த துண்டு ஒயரை யாரோ குப்பையில் போட்டுவிட்டார்கள். டவுன்ஹால் ரோட்டில் போய் ஒன்று வாங்கி வந்தேன். மாட்டினால் படத்துக்குப் பதில் ஸ்பீக்கரில் "ர்ர்ர்" என்று உறுமல். எந்த வளையம் எதற்கு என்பதில் கம்பெனிகளுக்குள் ஒற்றுமை இல்லை. கிரவுண்ட் ஒரே இடத்தில் இருந்து மற்றவை மட்டும் மாறியிருந்தால் கவலை இல்லை, மஞ்சள் பின்னைச் சிவப்பில் செருகினால் படம் வந்துவிடும். கிரவுண்டே இடம் மாறியிருந்தால் எதை எங்கே செருகினாலும் உறுமல்தான். மல்டிமீட்டரை எடுத்துக் கன்டின்யூட்டி வைத்து ஐந்து நிமிஷத்தில் கண்டுபிடித்தேன். மூன்று பின்னுக்கும் வெளி வளையம் பொதுவாக எங்கே போகிறதோ அது கிரவுண்ட். நான் வாங்கியதில் அது கடைசி வளையத்தில் இருந்தது, டி.வி. எதிர்பார்த்தது மூன்றாவதில். வேறு துண்டு வாங்கினேன். இந்த ஐந்து நிமிஷம் மட்டும் அன்றைக்கு என் மானத்தைக் காப்பாற்றியது. கேபிள்காரத் தம்பியும் "மீட்டர் வச்சுப் பாக்கலாமாண்ணே இத?" என்று ஆச்சரியமாகக் கேட்டார். கணக்கு நேராகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

இனி சொல்லப்போவது கொஞ்சம் கஷ்டமான பகுதி.

எல்லாம் சரியாகிவிட்ட சந்தோஷத்தில் அம்மாவைக் கூப்பிட்டு உட்கார வைத்து, அந்தக் கேசட்டை நேரே டெக்கில் போட்டேன். படம் வந்தது. முதல் பத்து நிமிஷம் ஒளியும் ஒலியும். கேசட்டின் முதுகில் ஒரு சின்னப் பிளாஸ்டிக் பல் இருக்கும், அதை உடைத்துவிட்டால் மேலே பதிவாகாது. அப்பா அதை உடைத்து, பிறகு ஒரு வெள்ளிக்கிழமை ஆசைப்பட்டு செல்லோ டேப் ஒட்டியிருக்கிறார். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. பிறகு கோயில் வந்தது. ஆள்கள் எல்லாம் அகலமாகத் தெரிந்தார்கள். "எங்கம்மா இவ்ளோ குண்டா இருக்க மாட்டாங்களே" என்றார் அம்மா. பழைய படம் நாலுக்கு மூன்று, புது டி.வி. பதினாறுக்கு ஒன்பது. இழுத்துக் காட்டுகிறது. செட்டிங்கில் மாற்றினேன், அம்மாச்சி மெலிந்தார். அம்மா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

நாலு நிமிஷம் ஓடியிருக்கும். டெக்குக்குள் ஒரு கிறீச் சத்தம். திரை நீலமானது. எஜெக்ட் அழுத்தினேன். கேசட் வெளியே வந்தது, டேப் உள்ளேயே நின்றது.

வி.எச்.எஸ். டெக்கின் உள்ளே நடப்பதைச் சொன்னால்தான் நான் செய்த தப்பு புரியும். கேசட்டிலிருந்து அரை அங்குல டேப்பை வெளியே இழுத்து, 62 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஓர் உருளையைச் சுற்றிப் போர்த்துகிறது. உருளை விநாடிக்கு 25 சுற்று சுற்றுகிறது. அதில் உள்ள காந்தத் தலை டேப்பின் மேல் சாய்வாகக் கோடு போட்டுப் படத்தைப் படிக்கிறது. ஒரு கோட்டின் அகலம் 49 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் இருபது கோடு. இவ்வளவு நுணுக்கமான இயந்திரத்தில், ஓடி முடித்த டேப்பைச் சுருட்டுகிற வேலை மட்டும் ஒரு சாதாரண ரப்பர் வளையத்தை நம்பி இருக்கிறது. எங்கள் டெக் பதினைந்து வருஷம் பரணில் கிடந்தது. ரப்பர் இறுகி வழவழத்துப்போய், சக்கரத்தைப் பிடிக்காமல் வழுக்கியிருக்கிறது. முன்னாலிருந்து டேப் வந்துகொண்டே இருக்கிறது, பின்னால் சுருட்ட ஆளில்லை. குடுக்குறவன் இருந்தான், வாங்குறவன் இல்லை. உள்ளே குவிந்து கசங்கிவிட்டது. போதாததற்கு டேப் ஓரத்தில் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை. கேசட்டின் ஜன்னல் வழியாகப் பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும். பார்க்கவில்லை. ஓர் உதவாத சினிமாக் கேசட்டைப் போட்டு முதலில் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று தோன்றவில்லை. சோதனைச் சாலையில் ரெகார்ட் நோட்டில் கையெழுத்து வாங்காமல் சுவிட்ச் போடவிடாத ஆசிரியரை நாம் எவ்வளவு கேலி செய்திருக்கிறோம்!

அம்மா எழுந்து போய் அடுப்பில் பால் வைத்தார். "பரவால்லப்பா" என்றார். அவர் கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

திருநகரில் ஒரு பழைய டி.வி. மெக்கானிக் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு டெக்கை அப்படியே துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு போனேன். எழுபதை நெருங்கியவர். மேல் மூடியைக் கழற்றி, டேப்பை விரலால் கொஞ்சம் கொஞ்சமாக விடுவித்தார். முக்கால் மணி நேரம். ஒரு வார்த்தை பேசவில்லை. முடித்த பிறகு சொன்னார்: "தம்பி, கேசட்ட மொதல்ல கையில பாக்கணும். அப்புறந்தான் மிஷின்ல போடணும்." ரப்பர் வளையத்தை மாற்றினார். காந்தத் தலையை ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் நனைத்த மென்தோலால், உருளை சுற்றுகிற வாக்கிலேயே துடைத்தார். மேலும் கீழுமாகத் துடைத்தால் தலை உடைந்துவிடும், பஞ்சு குச்சியால் துடைத்தால் நூல் மாட்டும் என்றார். கேசட்டின் ஐந்து ஸ்க்ரூவைக் கழற்றி, சுருளை மட்டும் எடுத்து, பூஞ்சையை நன்றாகக் காயவிட்டு உலர்ந்த துணியால் மெல்லத் துடைத்து, வேறு ஒரு காலிக் கூட்டுக்குள் மாற்றினார். முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு செய்தார். கசங்கிய இடத்தை வெட்டி ஒட்டலாமா என்று கேட்டேன். ஒட்டுப் போட்ட இடம் தலையில் அடிக்கும், வெட்டாதே என்றார்.

கசங்கியது சுமார் அரை மீட்டர். டேப் விநாடிக்கு 2.34 சென்டிமீட்டர் ஓடுகிறது. வகுத்துப் பாருங்கள், 21 விநாடி. வீட்டுக்குத் திரும்பும்போது பஸ்ஸில் இந்த வகுத்தலைத்தான் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டு வந்தேன். எந்த 21 விநாடி என்றும் தெரியாது.

புது டி.வி.யில் மறுபடி போட்டேன். இந்தத் தடவை முதலில் உதவாத கேசட். பிறகு எங்கள் கேசட். அங்கங்கே படம் வந்தது, அங்கங்கே நீலம் வந்தது. டெக்கில் குற்றம் இல்லை. பழைய டேப் இழுபட்டு நீண்டிருப்பதால் கோடுகள் சரியான நேரத்துக்கு வருவதில்லை, முன்னே பின்னே ஆடுகின்றன. பழைய படக்குழாய் டி.வி. அந்த ஆட்டத்தோடு தானும் கொஞ்சம் ஆடிச் சமாளிக்கும். புது டி.வி. தன் கடிகாரப்படி எண்ணாக மாற்றப் பார்க்கிறது, ஒத்துவராவிட்டால் "சிக்னலே இல்லை" என்று சாதித்துவிடுகிறது. அதனால் மாடியறையில் கிடந்த பழைய 21 அங்குலக் குழாய் டி.வி.யைக் கீழே இறக்கினோம். இரண்டு ஆள் வேலை. டெக்கின் ஏ.வி. அவுட் அதற்கு. புது டி.வி.க்குக் கேபிள் பெட்டி மட்டும். மூன்றையும் இணைப்பது எப்படி என்று ஆரம்பித்த பேச்சு, இணைக்காமல் விடுவது நல்லது என்று வந்து நிற்கிறது, மன்னிக்கவும்.

கசங்கிய இடம் வந்தது. அம்மாச்சி மடியில் நான், பக்கத்தில் தாய்மாமன். ஆசாரி ஊசியை எடுக்கிறார். படம் உருண்டு, கிழிந்து, புள்ளி மயமாகப் போய்விட்டது. ஆனால் சத்தம் நிற்கவில்லை.

இதற்கும் காரணம் உண்டு. வி.எச்.எஸ். டேப்பில் படம் நடுவில் சாய்கோடாக இருக்கும். மேல் விளிம்பில் நேர்கோடாகச் சத்தம். கீழ் விளிம்பில் படத்தை ஒழுங்காகப் படிக்க உதவும் கட்டுப்பாட்டுத் துடிப்பு. எங்கள் டேப்பில் மடிந்து நாசமானது கீழ் விளிம்பு. துடிப்பு போனதால் படம் போனது. மேல் விளிம்பு ஏறக்குறைய முழுசாக இருந்தது.

அந்த 21 விநாடியில் புள்ளிகளுக்கு நடுவிலிருந்து அம்மாச்சி பேசினார். "ஏப்பா லைட்டு, பிள்ள மூஞ்சிலயே அடிக்கிறியே, கண்ணு கூசுதுல்ல. அங்கிட்டுத் திருப்பு." அப்புறம் என் அழுகை. அப்புறம், "ஒண்ணுமில்லடா சாமி, ஒண்ணுமில்ல, முடிஞ்சிருச்சு."

அம்மா நாற்காலியில் அப்படியே இருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, "இன்னொரு தடவ போடு" என்றார். நான் போடவில்லை. ஒவ்வொரு தடவை ஓடும்போதும் கொஞ்சம் தேயும், முதலில் நகல் எடுத்துவிட்டுப் போடுகிறேன் என்றேன். சம்மதித்தார்.

நகல் எடுக்கிற விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டெக்கின் ஏ.வி. அவுட்டை யு.எஸ்.பி. கேப்சர் கருவி வழியாகக் கம்ப்யூட்டருக்குக் கொடுக்க வேண்டும். அந்தக் கருவியும் புது டி.வி. மாதிரியே ஆடுகிற படத்தைக் கண்டால் அடம் பிடிக்கும். நடுவில் ஒரு பழைய டி.வி.டி. ரெக்கார்டரை வைத்து அதன் வழியாக அனுப்பினேன். சில ரெக்கார்டர்கள் ஆட்டத்தை நேராக்கிக் கொடுக்கும். 720-க்கு 576 புள்ளி, விநாடிக்கு 25 படம் என்று வைத்துக்கொண்டால் போதும். அதற்கு மேல் எவ்வளவு பெரிதாக எடுத்தாலும் கேசட்டில் இல்லாதது வராது. ஒரு மணி நேரத்துக்கு மூன்றரை ஜி.பி. சொச்சம். மூன்று இடத்தில் வைத்திருக்கிறேன். அம்மாவின் போனிலும் அந்த 21 விநாடி இருக்கிறது. படம் கிடையாது, புள்ளிதான். அதைத்தான் அடிக்கடி போட்டுக் கேட்கிறார்.

வீடியோ டெக் தயாரித்த கடைசிக் கம்பெனி, ஜப்பானின் ஃபுனாய், 2016 ஜூலையோடு நிறுத்திவிட்டது. வி.எச்.எஸ். வந்தது 1976-ல், நாற்பது வருஷம். இனிப் புது டெக் கிடையாது, பழையதைப் பிரித்துப் பழையதற்குப் போட வேண்டியதுதான். திருநகர்ப் பெரியவரும் கடையைப் பாதி நேரம்தான் திறக்கிறார். இங்கே உட்கார்ந்திருக்கிற உங்களில், எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் கல்யாணம் செய்தவர்கள், பிள்ளைக்குக் காது குத்தியவர்கள், இந்தக் கல்லூரியின் ஆண்டு விழாவை வாடகைக் கேமராவில் எடுத்தவர்கள் எத்தனை பேர் என்று கை தூக்கச் சொன்னால் அரங்கமே தூக்கும். அந்தக் கேசட் எங்கே இருக்கிறது என்று கேட்டால்தான் மேலே பார்ப்பீர்கள், பரணைப் பார்க்கிற மாதிரி.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இந்த அரங்கத்துக்குப் பின்புற அறையில் இருப்பேன். டெக், குழாய் டி.வி., ரெக்கார்டர், கம்ப்யூட்டர் எல்லாம் கொண்டுவந்திருக்கிறேன். ரப்பர் புதுசு. மூன்றாம் வருஷத் தம்பிகள் நாலு பேர் உதவிக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள், மல்டிமீட்டரோடு. கேசட் கொண்டுவந்தவர்கள் வாருங்கள். எடுத்தவுடன் டெக்கில் போடச் சொல்லாதீர்கள், முதலில் கையில் பார்ப்போம்.